ஒல்லியாக இருந்தும் சுகர் ஏன் வருகிறது? கொழுப்பும் மரபணுவும் வயதும்

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயில் சர்க்கரை நோய் ஆராய்ச்சி செய்யும் சித்தரஞ்சன் யாக்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் எஸ். யூட்கின். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தை வைத்து எடையை எடைபோடும் அந்த எண், அச்சு அசலாக ஒன்றுதான்: 22.3. எந்த அட்டவணையில் வைத்துப் பார்த்தாலும் ரெண்டு பேரும் நார்மல். ஆனால் உடம்பில் கொழுப்பு மட்டும் எவ்வளவு என்று அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்.

"ஆளு பாக்க ஒல்லியாத்தானே இருக்கான், இவனுக்கு எப்படி சுகர்?" என்று நம் வீடுகளில் கேட்கும் கேள்விக்கு இந்தப் படத்தில் பாதி பதில் இருக்கிறது. எடை மெஷின் மொத்தக் கிலோவைத்தான் காட்டும். அதில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, அந்தக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா கல்லீரலில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சர்க்கரை நோய் வருமா வராதா என்பதை மொத்தக் கிலோவைவிட இந்தக் கணக்குதான் அதிகம் தீர்மானிக்கிறது. மரபணு உள்ளே வருவதும் இங்கேதான், அதுவும் இரண்டு வழியாக வருகிறது. எவ்வளவு சாப்பிடத் தோன்றும் என்பதைப் பாதிக்கும் மரபணுக்கள் ஒரு பக்கம், சாப்பிட்டு மிச்சமான கொழுப்பு உடம்பில் எங்கே போய்த் தங்கும் என்பதைப் பாதிக்கும் மரபணுக்கள் இன்னொரு பக்கம். முதல் வகை பெரும்பாலும் மூளையில் வேலை செய்கிறது, இரண்டாவது வகை கொழுப்புத் திசுவிலேயே. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் குண்டாக இருப்பவர்களைத் தேவையில்லாமல் திட்டுகிறோம், ஒல்லியாக இருப்பவர்களை டெஸ்ட் எடுக்காமல் விட்டுவிடுகிறோம்.

கொழுப்புத் திசு ஒரு உறுப்பு

கொழுப்பு என்றால் வேண்டாத சதை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் கல்லீரல், சிறுநீரகம் மாதிரி அதுவும் வேலை செய்யும் ஒரு உறுப்புதான். ஒரு கொழுப்புச் செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே கிட்டத்தட்ட முழு இடத்தையும் ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளி அடைத்துக்கொண்டிருக்கும், செல்லின் உட்கரு ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். சாப்பிட்டதும் இன்சுலின் சுரந்து "சேர்த்து வை" என்று சொல்கிறது, செல் கொழுப்பை உள்ளே வாங்கிக்கொள்கிறது. ராத்திரி தூங்கும்போது, விரதம் இருக்கும்போது, அதே செல் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது, மற்ற உறுப்புகள் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இதோடு நிற்பதில்லை, லெப்டின், அடிப்போநெக்டின் என்று ஹார்மோன்களையும் சுரக்கிறது.

இந்தச் செல்கள் எத்தனை, எப்போது உருவாகின்றன என்பதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் கதைகளில் ஒன்று. 1950-களிலும் 60-களின் ஆரம்பத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதனை செய்ததால் காற்றில் கார்பன்-14 அளவு எகிறியது. 1963-ல் அந்தச் சோதனைகளைத் தடை செய்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. காற்றிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து சாப்பாட்டுக்கு, சாப்பாட்டிலிருந்து நம் டிஎன்ஏவுக்கு அந்தக் கார்பன் வந்து சேரும். ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் சேரும் கார்பன்-14 அளவு அந்த வருடத்துக் காற்றில் இருந்த அளவை ஒட்டியே இருக்கும், அப்புறம் மாறாது. ஆக, டிஎன்ஏவை அளந்தால் செல்லின் பிறந்த வருடம் தெரிந்துவிடும். ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு இந்த முறையில் மனிதக் கொழுப்புச் செல்களை அளந்து 2008-ல் வெளியிட்டது. பெரியவர்கள் உடம்பில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதச் செல்கள் செத்துப் புதியவை பிறக்கின்றன, ஆனால் மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. குழந்தைப் பருவத்திலும் விடலைப் பருவத்திலுமே அந்த எண்ணிக்கை நிலைபெற்றுவிடுகிறது. எடை குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பல கிலோ இளைத்தவர்களுக்குக்கூடச் செல்கள் சுருங்கினவே தவிர, எண்ணிக்கை குறையவில்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செல் எண்ணிக்கை கிட்டத்தட்ட நிலையாக இருந்தால், வளர்ந்து ஆளான பிறகு சேரும் கொழுப்பு பெரும்பாலும் இருக்கிற செல்களை வீங்க வைத்துத்தான் உள்ளே போக முடியும்.

பசியின் மரபணுக்கள்

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறது, ஆராய்ச்சிக்கு எலி வளர்ப்பதில் பேர்போன இடம். 1949-ல் அங்கே சாதாரண எலிகளுக்கு நடுவே ஒரு குண்டு எலி தானாகவே பிறந்தது. எந்நேரமும் தின்றுகொண்டே இருக்கும், மற்ற எலிகளைப் போல மூன்று மடங்கு எடை. பிற்பாடு இதேபோல இன்னொரு வகை எலியும் வந்தது, அதற்குச் சர்க்கரை நோயும் கடுமையாக இருந்தது. டக்ளஸ் கோல்மன் என்ற ஆராய்ச்சியாளர் இந்த எலிகளை இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் இன்னொன்றுக்கும் ஓடும்படி செய்தார். இரண்டாவது வகைக் குண்டு எலியோடு இணைத்த சாதாரண எலி சாப்பாட்டை நிறுத்திப் பட்டினியில் செத்தது. இரண்டு வகைக் குண்டு எலிகளையும் இணைத்தபோது முதல் வகை எலி இளைத்துப் பட்டினி கிடந்தது, இரண்டாவது வகை குண்டாகவே இருந்தது. கோல்மன் இதிலிருந்து சரியாக ஊகித்தார்: ரத்தத்தில் "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. முதல் வகை எலிக்கு அந்தப் பொருளைச் செய்யத் தெரியவில்லை, இரண்டாவது வகைக்கு அது எக்கச்சக்கமாக இருந்தும் காது கேட்கவில்லை.

அந்தப் பொருள் என்ன என்று தெரிய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைப் பிடித்தது. அதுதான் லெப்டின். அது சுரப்பது எங்கே என்று பார்த்தால், கொழுப்புச் செல்லில்! கையிருப்பு எவ்வளவு என்பதைக் கொழுப்புத் திசு மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தகவல் வராவிட்டால், உடம்பு எவ்வளவு பெருத்திருந்தாலும் மூளை பட்டினி என்றே நினைக்கும்.

எலிக்குச் சரி, மனிதர்களுக்கு? 1997-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஓ'ரஹிலி, சதஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய ஒரே குடும்பத்தில், ஒன்றுவிட்ட உறவில் இருந்த குழந்தைகள். எட்டு வயதுப் பெண்ணுக்கு 86 கிலோ எடை, இரண்டு வயதுப் பையனுக்கு 29 கிலோ. இருவருக்கும் லெப்டின் மரபணு இரண்டு பிரதியிலும் பழுது. பெற்றோர் நெருங்கிய உறவில் மணம் செய்துகொண்டவர்கள். ஒரு பிரதி மட்டும் பழுதாக இருந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அதே பழுது வந்தால்தான் நோய். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொடுக்கும் பழக்கம் உள்ள நம் ஊரும் இதைக் கவனிக்க வேண்டும், இந்த மாதிரி அரிய நோய்களுக்கான வாய்ப்பு அங்கே கூடுதல். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு லெப்டின் ஊசி போட்டபோது பசி அடங்கியது, எடை இறங்கியது. குழந்தைக்குச் "சாப்பாட்டுப் பைத்தியம்" என்று பட்டம் கட்டிய பெரியவர்கள் எவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. மூளையில் அதே பாதையில் வேலை செய்யும் எம்சி4ஆர் என்ற மரபணுவில் வரும் பழுது இதைவிட அதிகம் பேருக்கு இருக்கிறது, அங்கே ஒரு பிரதி கெட்டாலே எடை கூடலாம். ஒரு வயது, ரெண்டு வயதிலேயே எடை கண்டபடி ஏறி, பசி அடங்கவே மாட்டேன் என்கிற குழந்தை இருந்தால் "வாயைக் கட்டு" என்று சொல்வதை நிறுத்திவிட்டு ஹார்மோன் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒற்றை மரபணு காரணம் கிடையாது. மரபணுத் தொகுதியில் 2007-ல் கண்டுபிடித்த எஃப்டிஓ என்ற இடத்தில் இரண்டு பிரதியும் ஆபத்து வகையாக இருப்பவர்களுக்குச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை, அவ்வளவுதான், அதுவே பெரிய விளைவு உள்ள ஒன்று. மற்றவை எல்லாம் ஒவ்வொன்றும் சில நூறு கிராம், அதற்கும் கீழே. 2018-ல் ஏறக்குறைய ஏழு லட்சம் பேரின் டிஎன்ஏவை அலசியபோது இப்படி 900-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன மாற்றங்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டுப் பார்த்தால் சுவாரஸ்யமான ஒன்று தெரிகிறது: அந்த மதிப்பெண்ணில் உச்சியில் இருக்கும் பத்து சதவீதத்துக்கும் அடியில் இருக்கும் பத்து சதவீதத்துக்கும் பிறக்கும்போது எடையில் வித்தியாசம் இல்லாத மாதிரிதான், ஆனால் 18 வயதாகும்போது சராசரியாக 12 கிலோ வித்தியாசம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கேன்டீன், ஆனாலும் ஒரு பையனுக்கு இரண்டு சமோசா போதும், இன்னொருவனுக்கு நாலு சாப்பிட்டும் போதவில்லை என்றால் அதில் பெரிய பங்கு இந்த மாற்றங்களுக்கு உண்டு. இவை இருக்கும் மரபணுக்களில் பெரும்பகுதி மூளையில்தான் வேலை செய்கிறது.

இடத்தின் மரபணுக்கள்

இனிமேல்தான் ஒல்லி ஆளின் கதை.

உடம்பில் கொழுப்புச் செல்லே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. லிப்போடிஸ்ட்ரோஃபி என்று பெயர். 1954-ல் பிரேசிலிலும் 1959-ல் நார்வேயிலும் டாக்டர்கள் இதை விவரித்தார்கள், அவர்கள் பெயரிலேயே பெராடினெல்லி-செய்ப் நோய் என்று அழைக்கிறார்கள். பார்த்தால் பயில்வான் மாதிரி தசை திரண்டு, நரம்பு புடைத்து, ஒரு பொட்டுக் கொழுப்பு இல்லாமல் இருப்பார்கள். கொழுப்புதான் சர்க்கரை நோய்க்குக் காரணம் என்றால் இவர்களுக்குச் சுகரே வரக் கூடாது. ஆனால் நடப்பது நேர் எதிர்: கடுமையான சர்க்கரை நோய், கொழுப்பு அப்பி வீங்கிய கல்லீரல், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறி, ரத்தம் எடுத்து வைத்தால் மேலே பால் மாதிரி வெள்ளையாக நிற்கும்.

எங்கள் பாட்டி காலத்து வீடுகளில் நெல் கொட்டி வைக்கக் குதிர் இருக்கும். குதிர் சின்னதாக இருந்தால் அறுவடை கொஞ்சமாக இருந்தாலும் நெல் கூடத்திலும் அடுப்படியிலும் சிதறும், குதிர் பெரிதாக இருந்தால் நல்ல விளைச்சலையும் தாங்கும். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு, குறிப்பாக இடுப்பு, தொடைப் பக்கம் இருப்பது, அந்தக் குதிர். அங்கே இடம் தீர்ந்த பிறகு வரும் கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலிலும், தசையிலும், கணையத்திலும் போய் உட்கார்கிறது. கெடுதல் செய்வது அதுதான்.

கல்லீரலில் கொழுப்பு ஏறினால் அது இன்சுலின் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கிறது. ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி ரெண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுப் படுத்தவருக்கும் காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் டெஸ்டில் 130 வருவதன் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து கொஞ்ச வருடம் சமாளிக்கும், அப்புறம் களைத்துவிடும்.

லிப்போடிஸ்ட்ரோஃபி அரிய நோய்தான். ஆனால் 2017-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, இதன் மிக மிக லேசான வடிவம் சாதாரண மக்களிடமும் பரவலாக இருக்கிறது என்று காட்டியது. மரபணுத் தொகுதியில் 53 இடங்களில் குறிப்பிட்ட மாற்றங்கள் அதிகம் சேர்ந்தவர்களுக்குக் கால், இடுப்புப் பகுதியில் கொழுப்பு குறைவாக இருந்தது, ஆனால் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அவர்களுக்குக் குதிரே சிறியது. கேஎல்எஃப்14 என்ற மரபணு இன்னும் விசித்திரம்: அதன் ஆபத்து வகை அம்மாவிடமிருந்து வந்தால்தான் வேலை செய்யும், பாதிப்பும் பெண்களுக்குத்தான் அதிகம். அது இருந்தால் கொழுப்புச் செல்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருக்கின்றன, கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது.

இதை நம்பக் கஷ்டமாக இருந்தால், நம்மில் பலர் தினமும் விழுங்கும் ஒரு மாத்திரையைப் பாருங்கள். பயோகிளிட்டசோன். இந்தியாவில் சர்க்கரை நோய்க்கு நிறையப் பேருக்கு எழுதித் தருகிறார்கள். அது தூண்டுவது பிபார் காமா என்ற புரதத்தை, புதுக் கொழுப்புச் செல்களை உருவாக்கும் வேலைக்கு அதுதான் தலைவர். மாத்திரை போட்டவர்களுக்கு எடை கூடுகிறது, கொஞ்சம் நீர் கோத்துக்கொள்வதாலும் கொஞ்சம் தோலுக்கடியில் கொழுப்பு சேர்வதாலும். ஆனால் கல்லீரல் கொழுப்பு குறைந்து சுகர் இறங்குகிறது! எடை ஏறச் சுகர் இறங்குவது என்பது மொத்த எடையை மட்டும் பார்ப்பவர்களுக்குப் புரியவே புரியாது. இதே பிபார் காமா மரபணு பழுதடைந்து பிறப்பவர்களுக்கு ஒருவகை லிப்போடிஸ்ட்ரோஃபியும் சர்க்கரை நோயும் வருகிறது. சமோவா தீவு மக்களிடம் 2016-ல் கண்டறிந்த சிஆர்இபிஆர்எஃப் மரபணு மாற்றமும் இந்தக் கதைதான், அது உள்ளவர்கள் மற்ற சமோவர்களைவிடக் கனமானவர்கள், ஆனால் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவு.

வயது என்ன செய்கிறது

"முப்பது தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். 2021-ல் பல நாடுகளிலிருந்து 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், எரிசக்திச் செலவு 20-லிருந்து 60 வயது வரை கிட்டத்தட்ட ஒரே நேர்கோடாக இருந்தது. 60-க்குப் பிறகுதான் மெதுவாக இறங்குகிறது. அப்படியானால் நாற்பதில் வரும் தொப்பைக்கும் சுகருக்கும் காரணம்? ஒரு பங்கு தசை குறைவது, உட்கார்ந்தே வேலை செய்வது. இன்னொரு பங்கு குதிரே பழையதாவது. கொழுப்புத் திசுவில் புதுச் செல்லாக மாறக் காத்திருக்கும் முன்னோடிச் செல்கள் இருக்கின்றன, வயதாக ஆக அவற்றில் சில பிரிவதை நிறுத்திக் கிழடு தட்டிப்போய், சாகவும் செய்யாமல், அழற்சியைக் கிளப்பும் பொருட்களைக் கசியவிட்டுப் பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன. இருக்கிற செல்லில் சேர்ந்த கொழுப்பு வெளியே போகும் வேகமும் வயதோடு குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் வைத்திருக்கும், அது குறைந்த பிறகு வயிற்றுக்கு வருகிறது. நிறையச் சகோதரிகள் "நான் எதுவும் கூடச் சாப்பிடலையே, வயிறு மட்டும் ஏன்?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆக, இருபதில் எந்தத் தொந்தரவும் தராத ஒரு மரபணு, குதிர் கொஞ்சம் சிறியது என்ற ஒரு விஷயம், நாற்பத்தைந்தில் நோயாக வெளியே தெரிகிறது.

நமக்கு இது ஏன் சீக்கிரமே வருகிறது? மரபணு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. யாக்னிக் குழு புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. சராசரிப் பிறப்பெடை அங்கே 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. எல்லா அளவிலும் நம் குழந்தைகள் சிறியவர்கள், ஆனால் தோலுக்கடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை, குறைந்தது முக்கியமாகத் தசையும் உறுப்புகளும்தான். அம்மாவின் ஊட்டச்சத்து, அவளுடைய அம்மாவின் ஊட்டச்சத்து எல்லாம் இதில் வருகிறது. தசை குறைந்த உடம்பு, அதன்மேல் கணையத்தின் தாங்குதிறனும் குறைவு, அதன்மேல் மூன்று வேளையும் அரிசி. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இதில் பருமனே இல்லாதவர்கள் நிறையப் பேர்.

அதனால்தான் நம் மக்களுக்கு பிஎம்ஐ 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன் என்று வைத்திருக்கிறார்கள், வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. ஆன்லைனில் விற்கும் மரபணு டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் டிஎன்ஏவை வைத்துப் போட்டவை, நமக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தாது. அப்பா அம்மாவுக்கு எந்த வயதில் சுகர் வந்தது என்று கேளுங்கள், தையல் டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் அல்ல, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து அளந்து பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு கூடுதல், ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்திருந்தால் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று விடாதீர்கள், கொழுப்பு இடம் மாறி உட்கார ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

இதில் நம்பிக்கை தரும் விஷயமும் உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர், ஒவ்வொருவருக்கும் அவரவர் கொழுப்பு எல்லை ஒன்று இருக்கிறது என்று வெகுநாளாகச் சொல்லி வருபவர். பிஎம்ஐ 27-க்கும் கீழே இருந்த 20 சர்க்கரை நோயாளிகளை எடுத்துக்கொண்டு, கலோரியைக் குறைத்து எடை இறக்க வைத்தார். 14 பேருக்கு நோய் மாத்திரை இல்லாமலேயே கட்டுக்குள் வந்தது. அவர்கள் இழக்க வேண்டியிருந்தது சராசரியாக உடல் எடையில் 6.5 சதவீதம்தான், 65 கிலோ ஆளுக்கு நாலு கிலோ சொச்சம். கல்லீரலிலும் கணையத்திலும் இருந்த கொழுப்பு இறங்கியது. சின்ன ஆய்வுதான், ஆனால் ஒல்லியாக இருப்பவர் "நான் எதை இளைக்க?" என்று கேட்டால் காட்டுவதற்கு இது இருக்கிறது. ஒன்று மட்டும்: கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளாமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், சுகர் திடீரென்று தாழ்ந்து மயக்கம் வந்துவிடும்.